ஏழாவது தீர்மானமும் எட்டாவது தீர்மானமும்

எங்கள் பங்குப்பேரவையின் சென்ற மாதக் கூட்டக் குறிப்பேட்டில் ஏழாவதாகப் பதிவாகியுள்ள தீர்மானம் இது: திருவிழாத் தேர்ப்பவனியின் மின்விளக்கு அலங்காரச் செலவு முழுவதையும் ஏற்க முன்வந்துள்ள அன்பருக்குப் பேரவை நன்றி கூறுகிறது, அவர் பெயர் அழைப்பிதழில் உபயதாரர் என்ற முறையில் இடம்பெறும், பவனி அவர் இல்லத்தின்முன் சற்று நேரம் நின்று செல்லும். அடுத்ததாக எட்டாவது தீர்மானம்: பீடச் சிறார் குழுவில் சேர விண்ணப்பித்துள்ள பதின்மூன்று வயதுச் சிறுவனின் விண்ணப்பம், பிற பெற்றோரின் மனத்தாங்கலை முன்னிட்டு, இப்போதைக்கு ஏற்கப்படவில்லை.

இரண்டும் ஒரே மாலையில், ஒரே பேனாவால் எழுதப்பட்டவை. இடையில் தேநீர்கூட வரவில்லை.

அந்தச் சிறுவனின் தந்தை புழல் சிறையில் இருக்கிறார். யாருடைய வேலையாகப் போய் அவர் உள்ளே இருக்கிறார் என்பது எங்கள் பங்கில் தெரியாதவர் இல்லை. அந்த யாரோ ஒருவர்தாம் ஏழாவது தீர்மானத்தின் அன்பர். வேலை ஏவியவருக்கு அழைப்பிதழில் இடம்; ஏவப்பட்டவனின் பிள்ளைக்குப் பீடத்தில் இடமில்லை. இதைச் சொல்ல அந்த அறையில் ஒரு நா எழவில்லை. நானும் அங்கே இருந்தேன். ஏழுக்குக் கை உயர்த்தினேன். எட்டின்போது கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே இக்கட்டுரையில் நான் யாரையேனும் கடிந்துகொண்டால், முதல் அடி எனக்கு என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பங்கு என்று கேட்க வேண்டாம். வடசென்னையில் உள்ள ஒன்று. தங்கள் பங்கையே குறிக்கிறதோ என்று மூன்று நான்கு பங்குகளில் ஐயம் எழுமானால் அந்த ஐயம் வீணாகாது.

நான் வாய் திறந்திருக்க வேண்டியதற்கு மற்றவர்களுக்கு இல்லாத காரணம் ஒன்று எனக்கு உண்டு. 1979இல் எனக்கும் பதின்மூன்று வயது. என் தந்தையும் அப்போது சிறையில் இருந்தார்.

நான் வளர்ந்தது விம்கோ நகரில். 1923இல் இந்தியாவில் தொழில் தொடங்கிய சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயராயிற்று. 2021 முதல் மெட்ரோ நிலையத்துக்கும் அதுவே பெயர். இன்று அங்கே வந்திறங்கும் இளைஞர்கள் பலருக்கு விம்கோ என்பது தீக்குச்சி என்று தெரியாது. சுற்றிலும் தொழிற்சாலைகள், கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் சதுப்பும் முள்வேலங்காடும், வடக்கே எண்ணூர்க் கழிமுகம். சங்கு ஊதினால் ஒரு பாதி ஊர் எழுந்து வேலைக்குப் போகும். இன்னொரு பாதிக்குச் சங்கு கிடையாது. என் தந்தை அந்த இன்னொரு பாதியைச் சேர்ந்தவர். நாங்கள் அவரை நைனா என்று அழைப்போம். தொழிற்சாலை வாயிலில் கூலிக்கு நின்று, அழைத்த நாளில் மூட்டை சுமந்து, அழைக்காத நாளில் திரும்பி வருகிறவர்.

1971இல் மதுவிலக்கைத் தளர்த்திய தமிழக அரசு 1974இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. அரசு கடையைப் பூட்டியது. குடிக்கிறவனின் தொண்டையைப் பூட்ட எந்த அரசாலும் ஆகவில்லை. கால்வாய்க்கு அப்பால் சதுப்புக் காட்டில் ஊறல் போட்டார்கள். காய்ச்சிய சரக்கு லாரி டியூபில் நிரம்பி இரவில் தோணியேறி வந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் பெரியவர் என்றே குறிப்பிட்டார்கள். நைனாவுக்கு அவரிடம் தினமும் வேலை இருந்தது. சங்கு ஊதாமலே இருந்தது. எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ரயில்வே கேட் அருகே உட்கார்ந்திருக்க வேண்டும். காவல்துறை ஜீப் வந்தால் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக விசிலடிக்க வேண்டும். மாலைக்கு நாலணா. எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அதே வாயால் ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் செபம் சொன்னேன். இரண்டுக்கும் இடையே ஒரு முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் பெரியவர் கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் என் தங்கைக்கு ஞானத்தகப்பன். அவள் மட்டுமல்ல, அந்தத் தெருவில் எத்தனையோ பிள்ளைகளுக்கு. திருமுழுக்கில் குழந்தையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்பவர் என்று மறைக்கல்வியில் நமக்குக் கற்பிக்கும் அந்த அருமையான சொல், எங்கள் தெருவில், நாளை உன் பிள்ளையும் என் ஆள் என்று பொருள்பட்டது. இத்தாலியில் சிசிலித் தீவின் கத்தானியா மறைமாவட்டம் 2021 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு ஞானப்பெற்றோர் வழக்கத்தையே நிறுத்தி வைத்தது என்ற செய்தியைப் படித்தபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1979இல் நைனா பிடிபட்டார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அண்மையில் அப்போதிருந்த மத்திய சிறைக்கு அம்மா என்னைக் கூட்டிப் போவார். (புழல் சிறை வந்த பிறகு அது மூடப்பட்டு, 2009இல் இடிக்கப்பட்டது. இடிப்பதற்குமுன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை, ஏற்கெனவே பார்த்தாயிற்று.) கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள், நடுவே ஒரே கூச்சல். அவர் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அரிசி வந்துச்சா?"

வந்தது. அதைத்தான் நான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம்மவர்கள் இதை அறியாமலே பேசுகிறார்கள்.

நைனா உள்ளே போன இரண்டாம் நாளே பெரியவர் வீட்டிலிருந்து அரிசி வந்தது. வாடகையைக் கட்டினார்கள். வக்கீலுக்குப் பணம் கொடுத்தார்கள். என் பள்ளிக் கட்டணமும் அப்படியே. அம்மா அழுதுகொண்டே வாங்கினார். அது தருமமல்ல, கூலியுமல்ல. எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு படி அரிசியும் ஏறிக்கொண்டிருந்தது. நைனா வெளியே வந்தபோது அந்த வேலையை விட்டுவிட நினைத்தார் என்று அம்மா பின்னாளில் சொன்னார். விட முடியவில்லை. கடன் நின்றது. அவர் உடம்பு தளர்ந்தபோது அந்தக் கடன் என்னைத் தேடிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தது. "தம்பி வளர்ந்துட்டானே" என்று பெரியவரின் ஆள் ஒருவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

ரவுடி வீட்டுப் பிள்ளை ரவுடியாகத்தான் போவான், இரத்தத்தில் ஊறியது என்று நம் வீட்டுத் திண்ணைகளில் சொல்கிறோம். இரத்தத்தில் ஒன்றும் ஊறவில்லை. அரிசி மூட்டையிலும் வக்கீல் கட்டணத்திலும் ஊறியிருக்கிறது. அந்த அரிசியைப் பெரியவருக்கு முன்பே வேறொருவர் கொண்டுவந்து இறக்கியிருந்தால் என் தந்தையின் கதை வேறாகியிருக்கும். எங்கள் பங்கில் அப்போதும் ஏழைகளுக்கு அரிசி வழங்கும் சபை இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் குடும்பத் தலைவரின் தொழில் என்றொரு கட்டம் இருந்தது. அம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பீடத்தில் உதவ வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர் கெட்டவர் அல்லர். கொஞ்ச நாளைக்கு நீ கீழே உட்காரு, பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள் என்றார். அந்த ஆண்டுத் திருவிழாவில் தேருக்கு ஜோடனை பெரியவர் உபயம். நான் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்தேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. தீர்மானத்தின் எண் மட்டும் மாறியிருக்கிறது.

என்னை எடுத்தவர் ஒருவர் உண்டு. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அண்டைவீட்டு மாமா. அவர் கிறிஸ்தவர் அல்லர். வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவர். மாலையில் அவருடைய பிள்ளைகளைப் படிக்க உட்காரவைக்கும் பாயில் எனக்கும் ஓரம் கொடுத்தார். என் தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. கணக்கு நோட்டைக் கொண்டுவா என்பார். அந்த நேரம் சரியாக நான் ரயில்வே கேட்டில் இருக்க வேண்டிய நேரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. தெரிந்துதான் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வெளியூரில் தம் உறவினர் ஒருவரின் அச்சகத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். கடன் வந்து கதவைத் தட்டியபோது நான் ஊரில் இல்லை.

1981இல் அரசு சாராயக் கடைகளை மீண்டும் திறந்தது. பெரியவர் ஏலம் எடுத்த கூட்டத்தில் பங்காளி ஆனார். அன்று முதல் அவர் தொழிலதிபர். நைனாவின் பெயர் காவல் நிலையப் பதிவேட்டிலேயே இருந்தது. ஊரில் எங்கே என்ன நடந்தாலும் விசாரணைக்கு அழைத்துப் போவார்கள். சாகும்வரை அவர் ரவுடி.

இன்றைய நிலைக்கு வருவோம். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு கொலையுண்ட ஒருவருக்காக அவர் தம்பி பழிவாங்கினார் என்பது காவல்துறை முதலில் கூறிய காரணம். பின்னர், ஆயுள் தண்டனைக் கைதியான ஒரு தந்தையும் அவருடைய வழக்கறிஞர் மகனும் குற்றம் சாட்டப்பட்டார்கள். அத்தந்தை 2025 அக்டோபரில் இறந்துபோனார். யார் செய்தார், ஏன் செய்தார் என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும், நான் சொல்லப்போவதில்லை. நான் கவனித்தது வேறு. அண்ணன், தம்பி, தந்தை, மகன் என்று செய்தித்தாள்கள் அன்றாடம் அச்சிட்டபோது, வழக்கோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்குப் போகக் கூசியிருப்பார்கள்! கைதானவர்களுள் ஒருவர் அந்த ஜூலை 14 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். என்கவுன்டர் என்ற சொல் வந்ததும் நம் அன்பியக் கூட்டங்களில்கூடச் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நான் அறிவேன். சுடப்பட்டவர்களின் வீடுகளில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு வெஞ்சினம் ஒன்றே சொத்தாக எஞ்சும் என்று அந்தக் கூட்டங்களில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

1982இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டம் என்று நாம் சுருக்கமாகக் குறிப்பிடும் சட்டத்தை இயற்றியது. விசாரணையின்றிப் பன்னிரண்டு மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். அச்சட்டம் தேவையா, இல்லையா என்பது வேறு வாதம். அந்தப் பன்னிரண்டு மாதமும் அவன் வீட்டில் உலை எரிய யார் விறகு தருகிறார் என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் பதில் இல்லை, நம்மிடமும் இல்லை. பதில் வைத்திருப்பவன் பெரியவன் ஒருவன்தான். அவன் வாசலுக்கு அந்தப் பிள்ளையை நாமே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுகிறோம்.

சிறார்களைப் பொறுத்தவரை நாட்டின் சட்டம் நம் பேரவையைவிட இரக்கமுள்ளதாக இருக்கிறது என்பது வெட்கத்துக்குரியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தவறிழைத்த சிறுவனைக்கூட இழிசொல்லால் குறிக்கலாகாது, அவனுக்குப் புதுத் தொடக்கம் வேண்டும் என்பவற்றைத் தன் அடிப்படைக் கோட்பாடுகளில் சேர்த்திருக்கிறது. அவன் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்கிறது. சிறுவர்களைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. ரயில்வே கேட்டில் விசிலடித்த என்னைவிட, என்னை அங்கே உட்காரவைத்தவரே குற்றவாளி என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எங்கள் எட்டாவது தீர்மானத்தின் சிறுவனோ விசில்கூட அடித்தவன் அல்லன்.

திரைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் வந்த 'நாயகன்' படத்தில் தந்தையின் பாதையை ஏற்காத மகள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அரங்கில் கைதட்டல் தந்தைக்குத்தான் கிடைத்தது. அதற்குப்பின் வந்தவற்றில் வடசென்னைப் பையன் என்றாலே அரிவாள் என்று ஆயிற்று. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாளுக்கு அரிவாளால் கேக் வெட்டினார்கள். காவல்துறை சுற்றிவளைத்து எழுபதுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. அந்தக் காட்சியை எங்கிருந்து கற்றார்கள் என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். நான் கேட்பது: பிறந்தநாளில் இவர்களை இவ்வளவு பேர் கூடி வாழ்த்த வேறெந்த இடம் நம் சமுதாயத்தில் இருந்தது? இதைச் சொன்னால் ரவுடிகளுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சொல்வார்கள். சொல்லட்டும்.

இப்போது பிற பெற்றோரின் மனத்தாங்கலுக்கு வருகிறேன். அதை ஏளனம் செய்ய எனக்கு உரிமை இல்லை. அவர்கள் அச்சம் வெறும் கற்பனை அன்று. அத்தகைய வீட்டுச் சிறுவன் வழியாக மற்றச் சிறுவர்களுக்கு வலை விரிக்கப்படுவது உண்டு. பொட்டலம் கைமாறுவதும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவனுக்குத் தண்டனை குறைவு என்பதைக் கணக்கிட்டே பெரியவர்கள் சிறுவரைத் தேடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் கேட்டார்: "உங்க பேரனை அந்தப் பையனோடு பழக விடுவீங்களா அண்ணே?" நேர்மையாகச் சொல்கிறேன், சட்டென்று விடை வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் வந்தது. பீடச் சிறார் குழு என்பது என் பேரனும் அவனும் தனியே பழகும் தெருமுனை அன்று. அங்கே ஓர் அருள்சகோதரி இருக்கிறார், வழிநடத்தும் இளைஞர் இருக்கிறார், நேரம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. அங்கிருந்து அவனை விலக்கினால் அவன் என் பேரனைச் சந்திக்காமல் போகப்போவதில்லை, தெருமுனையில் சந்திப்பான். அப்போது அவனருகில் நிற்பவர் வேறொருவராக இருப்பார்.

சிலர் வேறொன்று சொல்கிறார்கள்: இத்தகைய பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தே பிரித்து வளர்க்க வேண்டும் என்று. தென் இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியா நகரில் சிறார் நீதிமன்றத் தலைவராக இருந்த ரொபேர்த்தோ தி பெல்லா என்ற நீதிபதி 2012 முதல் இதைச் செய்தார். 'ந்த்ராங்கெத்தா என்னும் குற்றக் கூட்டத்தில் உறவும் கூட்டமும் ஒன்றே, தந்தைக்குப்பின் மகன். ஒரு தலைமுறையில் தாம் தண்டித்தவர்களின் பிள்ளைகளே அடுத்த தலைமுறையில் தம்முன் வந்து நிற்கக் கண்டு, சிறார்களை வேறு ஊர்களில் வேறு குடும்பங்களிடம் வளர அனுப்பினார். முதலில் பிள்ளை பிடிப்பவர் என்று தூற்றினார்கள். பின்னர், என் பிள்ளையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாய்மார்களே அவரைத் தேடி வந்தார்கள். தெரிவு செய்யும் சுதந்திரம் என்பது அத்திட்டத்தின் பெயரின் பொருள்; இத்தாலிய ஆயர் பேரவையும் பிற்பாடு அதற்குத் துணை நின்றது. நல்லது. ஆனால் இங்கே பிரித்து எங்கே அனுப்புவது? செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடிபட்டு இறந்தான். பணியாளர் ஆறு பேர் கைதானார்கள். தாயிடமிருந்து பிரித்து அத்தகைய கைகளில் ஒப்படைப்பதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். தி பெல்லாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிரிவினையை அன்று. வேறொரு வீட்டுக் கதவு அந்தப் பிள்ளைக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை. என் அண்டைவீட்டு மாமாவிடம் நீதிமன்ற ஆணை எதுவும் இருக்கவில்லை. ஒரு பாய் இருந்தது.

தனியே வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பதற்கு ரீத்தா ஆத்ரியா என்ற சிசிலிப் பெண்ணைச் சொல்லலாம். மாஃபியாக் குடும்பத்தில் பிறந்தவர். 1985இல் தந்தையும் 1991இல் அண்ணனும் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதில் போர்செல்லினோ என்ற நீதிபதியிடம் போய்த் தெரிந்ததையெல்லாம் சொன்னார். 1992 ஜூலை 19 அன்று அந்த நீதிபதியைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். ஒரு வாரத்தில் ரீத்தா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தாயே பின்னர் கல்லறைக்குப் போய்ச் சுத்தியலால் அவர் படத்தை உடைத்தார். உலகில் அந்தப் பெண்ணுக்கு இருந்தது ஒரே ஒரு மனிதர். ஒருவர் போதாது என்பதே அந்தக் கல்லறை எனக்குச் சொல்வது.

ஏழாவது தீர்மானத்துக்கு வருகிறேன். பவனி அந்த இல்லத்தின்முன் சற்று நேரம் நிற்கும் என்று எழுதியிருக்கிறோம். 2014 ஜூன் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கலாப்ரியாவின் கசானோ நகருக்குச் சென்றார். அவ்வாண்டு ஜனவரியில் அங்கே மூன்று வயதுக் குழந்தை ஒன்று தன் பாட்டனோடு கொல்லப்பட்டு, காரோடு எரிக்கப்பட்டிருந்தது. மாஃபியாவின் பாதையில் நடப்போர் திருச்சபை உறவுக்குப் புறம்பானவர்கள் என்று அங்கே வெளிப்படையாக அறிவித்தார். சரியாகப் பதினொரு நாள் கழித்து, ஜூலை 2 அன்று, அதே மாநிலத்தில் ஒப்பிதோ மமெர்த்தினா என்ற ஊரில் அன்னையின் திருவிழாப் பவனி, ஆயுள் தண்டனை பெற்று வீட்டுக்காவலில் இருந்த ஒரு மாஃபியாத் தலைவனின் வீட்டின்முன் நின்றது. அன்னையின் சுரூபம் அவன் வீட்டை நோக்கித் தலை தாழ்த்தியதுபோல் ஆயிற்று. பவனியோடு வந்த காவல் அதிகாரி விலகிப் போய்விட்டார். ஆயர் மறைமாவட்டம் முழுவதும் பவனிகளையே நிறுத்தி வைத்தார். அங்கே அது பெருங்கேடாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கே அது தீர்மான எண் ஏழு.

பலெர்மோ நகரின் பிரான்காச்சோ பங்கில் பினோ புலீசி என்ற அருள்பணியாளர் இருந்தார். மாஃபியாவின் திருவிழா நன்கொடையை வாங்க மறுத்தார். அவர்கள் பவனியின் முன்வரிசையில் நடக்க இடம் தரவில்லை. தெருச் சிறுவர்களைக் கூட்டிப் படிக்கவும் விளையாடவும் ஓர் இல்லம் நடத்தினார். 1993 செப்டம்பர் 15, அவருடைய ஐம்பத்தாறாவது பிறந்தநாள். வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். 2013இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. கவனியுங்கள்: பணத்தை மறுத்ததும் சிறுவர்களைச் சேர்த்ததும் அவருக்கு இரண்டு வேலைகளாக இருக்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு சிறுவர்களைச் சேர்க்க முடியாது; பெரியவர் உபயத்தில் எரியும் விளக்கின்கீழ் நின்று, பெரியவரிடம் போகாதே என்று ஒரு பிள்ளையிடம் யார் சொல்வது?

பணம் எங்கிருந்து வந்தால் என்ன, இறைவன் பணிக்குத்தானே என்கிறார்கள் நிதிக்குழுவினர். சக்கேயுவையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஆண்டவரே அவன் வீட்டில் உணவருந்தவில்லையா என்று. உண்மை. ஆனால் சக்கேயு தேருக்கு விளக்குப் போட்டதாக லூக்கா எழுதவில்லை. வஞ்சித்தவர்களுக்கு நான்மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னான். மீட்பு அந்த வீட்டுக்கு வந்ததாக ஆண்டவர் சொன்னார். அவனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சக்கேயுவுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று நற்செய்தியில் இல்லை. இருந்திருந்தால், வரிதண்டுவோனின் பிள்ளைகள் என்று எரிகோ நகரத் தெருவில் அவர்களோடு யாரும் விளையாடியிருக்க மாட்டார்கள். அன்று மாலை அவர்களோடு ஒருவர் பந்தியில் அமர்ந்தார். தந்தையர் உண்ட புளிப்புக்குப் பிள்ளைகளின் பல் கூசுவதாகச் சொல்லிவந்த பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் வழியாக ஆண்டவர் தடுத்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாம் அதைக் குறிப்பேட்டில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிறுவனை நான் சென்ற ஞாயிறு பார்த்தேன். முதல் திருப்பலிக்குத் தாயோடு வந்திருந்தான். பீடச் சிறார் வெள்ளையங்கி அணிந்து வரிசையாக வந்தபோது அவன் பார்த்த பார்வையை நான் அறிவேன். எங்கிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்பதும் அறிவேன். நற்கருணை வாங்கத் தாய் எழுந்தபோது அவன் எழவில்லை. திருப்பலி முடிந்ததும் வெளியே மரத்தடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற இளைஞன் ஒருவன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சிறுவன் ஓடினான். கோயிலுக்குள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அன்று யாரும் இல்லை. நானும் கூப்பிடவில்லை, அவன் பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. விண்ணப்பத்தில் இருந்தது; நான் படிக்கவில்லை.

பெயரை இப்போது தெரிந்துகொண்டேன். வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். தாய் முதலில் கதவைப் பாதிதான் திறந்தார். நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். வீட்டின் மூலையில் அரிசி மூட்டை ஒன்று, இன்னும் பிரிக்காமல், சாய்த்து வைத்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் படிவத்திலும் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது, அதை நிரப்பாமலே ஏற்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூட்டை திரும்பிப் போகுமா, கணக்குப் புத்தகத்தில் எவ்வளவு ஏறிவிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

பேரவையின் அடுத்த கூட்டம் வரும் மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப்பின். ஏழாவது தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும், எட்டாவதை மறுபரிசீலனை செய்து சிறுவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்து வடிவில் முன்மொழிவு கொடுத்துவிட்டேன். தேர் இருட்டில் போகட்டும் என்கிறீரா என்று செயலர் கேட்டார். மெழுகுவர்த்தி பிடிக்க ஆள் இருக்கிறது என்றேன். ஒரு விதி இருப்பதாக அவர் நினைவூட்டினார்: முன்மொழிவை வழிமொழிய உறுப்பினர் ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் அது கூட்டத்தின்முன் வைக்கப்படாது. இதுவரை நால்வரைக் கேட்டுவிட்டேன். இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள்.